நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக் கடையிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்துட்டிருந்தேன். நல்ல கூட்டம். எனக்கு முன் சீட்டில் ரெண்டு பொண்ணுங்க, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குது. போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சிட்டு இருந்தாங்க. ஏதோ பாட்டு. நடுவில் ஒரு ஆம்பளைக் குரல். "எ... எ... எ... எ..." தாளம் மாதிரி அதையே வெட்டி வெட்டி ஒட்டியிருக்கு. திரையில் ஒரு வட்டம் சுத்துது. நெட் வராதப்போ சுத்துமே, அந்த வட்டம். முதல் ரெண்டு தடவை எனக்கு ஒண்ணும் தோணலை. மூணாவது தடவை நடுவில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து கேட்ட மூச்சு.

"இது யாரும்மா?"ன்னு கேட்டேன்.

"லோடிங் அங்கிள், ஆன்ட்டி! உங்களுக்குத் தெரியாதா? இப்போ எல்லாரும் இதைத்தான் போடறாங்க"ன்னு சொல்லி, பாவம், எனக்காக மறுபடியும் போட்டுக் காட்டுச்சு அந்தப் பொண்ணு. மரியாதையான பொண்ணுதான். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டி மூணு ஸ்டாப் போயிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஒண்ணு ரெண்டு இல்லை, மழை பெய்ஞ்ச மாதிரி இருக்கு. பூனைக்கு அந்தக் குரல், ஆட்டோவுக்கு அந்தக் குரல், ஸ்டார்ட் ஆகாத மோட்டாருக்கு அந்தக் குரல். ஒண்ணுக்குக் கீழே யாரோ, "இதோட ஒரிஜினல் இங்கே"ன்னு முகவரி போட்டிருந்தான். அழுத்தினேன். நெட்டில் நீ நடத்தற பக்கம் வந்து நின்னுச்சு. கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி, மேலே உன் ரேடியோ கம்பம் படம்.

அவர் போய் இன்னும் ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை. வாழ்நாள் பூரா நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்கக் கூசின மனுஷன். அவர் திக்குவாயை நீ ஊருக்கு ஏலம் போட்டிருக்கே.

போனில் பேசினா நான் கத்துவேன், நீ கல்லு மாதிரி கேட்டுட்டு இருப்பே. மெயில் எழுதினா அதையும் எங்கேயாவது ஏத்திடுவியோன்னு பயம். அதனாலதான் காகிதத்தில் எழுதறேன். அதை எடு. உடனே எடு. எடுத்ததும் எழுது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஸ்கேன் மெஷின் அறைக்குள் போய்ப் படித்தேன். அங்கே கதவு கனமானது. நான் ரிப்பேர் பார்க்கும்போது யாரும் உள்ளே வர மாட்டார்கள்.

என் பக்கத்திலிருந்து பதிவை எடுத்துவிட்டேன். கடிதத்தை மடித்து வைத்த ஐந்தாவது நிமிஷம் எடுத்தேன்.

ஆனால் உன்னிடம் பொய் சொல்ல முடியாது. அது போகவில்லை. போகாது. கம்ப்யூட்டரில் "அழி" என்று ஒரு பட்டனுக்குப் பெயர் வைத்தவன் பெரிய பொய்யன். அந்தப் பட்டன் என் வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைத்தான் கழற்றும். எனக்குத் தெரிந்து அந்தப் பதினோரு விநாடித் துண்டுக்கு இன்று காலை வரை நாற்பதாயிரம் நகல்கள் இருக்கின்றன. எண்ண முடிந்தவை இவ்வளவு. ஒவ்வொரு நகலுக்கும் ஒரு சொந்தக்காரர். யாருக்கும் யாரையும் தெரியாது.

என் பக்கம் உனக்குத் தெரியும். பதினேழு வருஷமாக நடத்துகிறேன். விளம்பரம் இல்லை, படம் குறைவு, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் வருவார்கள். பழைய கம்ப்யூட்டரை எப்படி இன்னும் பத்து வருஷம் ஓட்டுவது, வீட்டு மாடியில் கம்பியை எந்த உயரத்தில் கட்டினால் எந்தக் கடலைத் தாண்டிக் குரல் போகும், இப்படித்தான் எழுதுவேன். வருகிற ஆட்களும் அப்படித்தான். ஒரு சின்ன மின்தேக்கி நல்லதா கெட்டதா என்று மூன்று வாரம் சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் தோற்றவனுக்கு ஜெயித்தவன் அதைத் தபாலில் அனுப்பி வைப்பான். அந்த நாற்பது பேருக்காகத்தான் அத்தானின் ஒலிப்பதிவைப் போட்டேன். ஆறு வருஷத்துக்கு முன் வெள்ளத்தன்று அவர் பேசியது. "நான் ரேடியோவில் கேட்டதிலேயே சிறந்த நாலு நிமிஷம்" என்று தலைப்பு வைத்தேன். பதினாலு மாதம் அது அங்கே சும்மா கிடந்தது. நாற்பத்தோராவது ஆள் எங்கிருந்தோ வந்தான்.

எங்களைப் போல உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் அழைப்புக்குறியைச் சொல்லியாக வேண்டும். நான் யார் என்று சொல்லாமல் ஒரு வார்த்தை பேசினால் உரிமம் போய்விடும். நெட்டில் லட்சம் பேர் பேசுகிறார்கள். ஒருத்தரும் தான் யாரென்று சொல்வதில்லை. இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் பற்றி ஒரு கட்டுரை பாதி எழுதி வைத்திருக்கிறேன்.

பாப்பாவுக்குத் தெரியுமா?

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

கட்டுரை எழுதறியாமே. எழுது. வீடு பத்தி எரியறப்போ நெருப்பு எத்தனை டிகிரின்னு அளந்து பார்க்கிற ஆள் நீ. சின்ன வயசிலேயே அப்படித்தான். எனக்குக் கை முறிஞ்சப்போ அம்மா அழுதுட்டு இருந்தாங்க, நீ எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துட்டு இருந்தே.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லைன்னு எனக்கும் தெரியும். அதைச் சொல்ல மூணு பக்கம் வேண்டாம். ஊர் வாயில் கொண்டுபோய்ப் போட்டது யாருங்கிறதுதான் கேள்வி.

பாப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டிருக்கே. உன் மருமகளுக்கு என்னைவிட ஒரு மாசம் முன்னாடியே தெரியும். பதினொண்ணாம் வகுப்பில் அவ பெஞ்சுக்காரி ஒருத்தி போனில் வெச்சிருந்தாளாம். கணக்கு வாத்தியார் போர்டில் எழுத யோசிச்சு நின்னா, பின்னாடியிலிருந்து "எ... எ... எ..."ன்னு வகுப்பே சொல்லுமாம். இவளும் சேர்ந்து சொன்னாளாம். நான் கேட்டதும்தான் சொன்னா. "சொல்லலைன்னா ஏன் சொல்லலைன்னு கேப்பாங்கம்மா." இதைச் சொல்றப்போ அவ அழலை. தட்டில் சோத்தைப் பிரிச்சுப் பிரிச்சு வெச்சுட்டு இருந்தா. ஒரு மாசமா அவ இப்படித்தான் சாப்பிடறா. உடம்பு சரியில்லைன்னு நினைச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன் நான். மடச்சி.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம பதில் சொல்லு. அவர் உயிரோட இருந்தப்போ அவர்கிட்ட கேட்டியா, இதைப் போடட்டுமான்னு?

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

கேட்டேன்.

வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து, உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது. நீ கடையில் இருந்தாய். அவர் பின்கட்டு அறையில் மேஜையில், புள்ளியும் கோடுமாகத் தட்டிச் செய்தி அனுப்புகிற மோர்ஸ் கீயைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியும், அந்தக் கீயில் தட்டினால் அவருக்குத் திக்காது. நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை போவார். எங்கள் வட்டத்தில் அவர் கையைப் பிடிக்க ஆள் கிடையாது. முகம் பார்க்காத ஆட்கள் அவரை "வாயாடி" என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் சொன்னேன்: "அத்தான், அன்னைக்கு நீங்க பேசினது என் கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. பக்கத்துல போடட்டுமா? நம்ம ஆளுங்க கேக்கணும்."

அவர் கீயைக் கீழே வைத்தார். "வேண்டாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை திக்காமல் வந்தது. அவர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான் நடந்தது.

அவர் இறந்து எட்டு மாதம் கழித்து நான் அதைப் போட்டேன். காரணம் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டது: அவர் கூச்சப்பட்டுத்தான் வேண்டாம் என்றார், இப்போது கூச்சப்பட ஆள் இல்லை. எழுதும்போதே தெரிகிறது, இது எவ்வளவு கேவலமான கணக்கு என்று. உண்மையான காரணம் அதைவிட எளிது. அதை நான் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

கட்டுரையைக் கிழித்துவிட்டேன். அதாவது அழித்துவிட்டேன். அதன் நகல் என்னிடம் மட்டும்தான் இருந்தது, அதனால் அது நிஜமாகவே போய்விட்டது.

முதலில் அந்தத் துண்டை வெட்டிய ஆளைக் கண்டுபிடித்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதல் நாளின் தேதியைத் தேடிப் போனால் வந்துவிடுகிறது. வேறு ஊரில் ஒரு காப்பீட்டு ஆபீஸில் குமாஸ்தா. எனக்கு நாலு வயது மூத்தவர். அவர் பெயரை என் பக்கத்தில் போட்டு நாற்பது பேரையும் ஏவிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு தனியாக எழுதினேன், இவர் என் அக்கா வீட்டுக்காரர், காலமாகிவிட்டார் என்று. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "சார், மன்னிச்சுடுங்க. நிஜ ஆள்னு தெரியாது. யாரோ காமெடிக்குப் பேசியிருக்காங்கன்னு நினைச்சேன். எடுத்துட்டேன்." அவரும் எடுத்துவிட்டார். அவரும் பெயர்ப்பலகையைத்தான் கழற்ற முடிந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சு பத்து நாள் ஆச்சு. பதில் எழுதவே வேண்டாம்னு இருந்தேன். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. இது வேற விஷயம்.

நேத்து பாப்பாவோட பாட்டு டீச்சர் வந்திருந்தாங்க. அவங்க போனதும் இவ சும்மா உக்காந்திருந்தா. திடீர்னு கேட்டா: "அம்மா, அதில் அப்பா என்ன சொல்ல வந்தார்?"

எனக்குத் தெரியலை.

நாற்பதாயிரம் நகல்ங்கிறே. எல்லாத்திலும் அந்தப் பதினோரு விநாடிதான். "எ..."ன்னு ஆரம்பிக்குது, வெட்டிடறாங்க. எல்லாரும் சிரிச்சாச்சு, நான் அழுதாச்சு. அந்த வார்த்தை என்னன்னு யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. உன் பக்கத்தில் முழுசா இருந்தப்போ முதல் வார்த்தை காதில் விழுந்ததும் மூடிட்டேன்.

வெள்ளத்தன்னைக்கு என்ன நடந்ததுன்னு எனக்கு அவர் சொன்னது ரொம்பக் கொஞ்சம். நில அளவை வேலைக்குப் போன இடத்தில் தண்ணி சூழ்ந்துடுச்சு, தண்ணித் தொட்டி மேலே ஏறி ராத்திரி இருந்தேன், ரேடியோவில் உன் தம்பிக்கு ரெண்டு எண் சொன்னேன். இவ்வளவுதான் சொன்னார். காய்ச்சலோட வந்து படுத்தார். நானும் ரசம் வெச்சுக் கொடுக்கிற அவசரத்தில் விட்டுட்டேன்.

முழுசையும் எனக்கு அனுப்பு. நெட்டில் அனுப்பாதே. தபாலில் அனுப்பு. அன்னைக்கு நடந்ததையும் எழுது. உன் கருத்து எதுவும் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

மெமரி கார்டு ஒன்றைப் பஞ்சில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். பாப்பாவின் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரே ஒரு கோப்பு தெரியும். நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

நடந்தது இது. அன்று காலை பத்து மணிக்கே போன் கோபுரங்கள் எல்லாம் படுத்துவிட்டன. மாவட்ட அலுவலகத்தில் ரேடியோ தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் லீவில் அங்கே வந்திருந்ததால் எனக்கு ஒரு மேஜை கிடைத்தது. படகு எங்கே போக வேண்டும் என்று வருகிற செய்திகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. என் மடிக்கணினி தானாக எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

மூன்றரை மணிக்கு அத்தானின் அழைப்புக்குறி கேட்டது. அவர் தொட்டி மேல் தனியாக இருந்தார். ஜீப் டிரைவர் உதவி கூப்பிடப் போய் திரும்பவில்லை. தொட்டியிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு கிடங்கு. அதன் கூரையில் ஆட்கள். நில அளவைக் கருவி கையில் இருந்ததால் அந்த இடம் வரைபடத்தில் எங்கே வரும் என்று சரியாகக் கணக்குப் போட்டுவிட்டார். இரண்டு எண்கள், ஒவ்வொன்றும் ஏழு இலக்கம். அதை என்னிடம் சேர்க்க வேண்டும். அவரிடம் இருந்தது கையில் பிடிக்கிற சின்ன செட். அதில் மோர்ஸ் கிடையாது. பேச்சு மட்டும்தான்.

அந்தச் செட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்று நிமிஷத்துக்கு மேல் பட்டனை விடாமல் அழுத்தினால் தானாகத் துண்டித்துவிடும். அவர் செட்டில் மட்டும் அது இல்லை. வாங்கிய அன்றே என்னிடம் கொடுத்து எடுத்துவிடச் சொன்னார். "எனக்கு நே... நேரமாகும் மாப்ளே" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நீ நினைப்பாய். அப்படி இல்லை. அந்த மாதிரி ரேடியோவில் ஒருவர் பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது, எதிரில் இருப்பவன் என்ன கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அவர் விரலை எடுத்தால்தான் நம் முறை. அவர் விரலை எடுக்கவில்லை. நாலு நிமிஷமும் எடுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம், வேறு குணம் எதுவும் இல்லை.

கடைசி இலக்கம் சொன்னதோடு பேட்டரி தீர்ந்துவிட்டது. நான் எண்ணைத் திருப்பிப் படித்தேன். சரி என்று சொல்ல அவர் இல்லை. அதையே எழுதிக் கொடுத்தேன். படகு போயிற்று.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் பாப்பாவும் உக்காந்து கேட்டோம். அவ கதவைச் சாத்தினா. ஜன்னலை நான் சாத்தினேன். ஏன்னு தெரியலை, மூணாவது மாடியில் யார் கேக்கப் போறாங்க.

முதலில் "கிடங்குக் கூரை"ங்கிறார். அதுக்கே அரை நிமிஷம் ஆகுது. அப்புறம் "பத்தொன்பது பேர்". அப்புறம் "கைக்குழந்தை ரெண்டு". காத்துச் சத்தம் அள்ளிட்டுப் போகுது. பாப்பா பென்சிலை எடுத்து எழுத ஆரம்பிச்சா. நான் சொல்லலை, அவளா எழுதினா. முதல் எண் முடிஞ்சது. ரெண்டாவது எண்ணில் மூணு இலக்கம் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த இடம். பஸ்ஸில் கேட்ட அதே "எ... எ... எ..."

தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து அவர் ஆரம்பிக்கிற வார்த்தையை முடிச்சுக் கொடுத்தது நான். டிக்கெட் கவுன்டரில், டாக்டர்கிட்ட, வீட்டுக்கு வர்ற விருந்தாளிகிட்ட, போனில். அவர் "த..."ம்பார், நான் "தண்ணி வேணுமா"ன்னு செம்பை நீட்டுவேன். என்ன பொருத்தம்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்வாங்க. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்துச்சு.

ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பழக்கம் விடலை. அந்த "எ..."வில் அவர் நின்னப்போ, நாற்காலியில் உக்காந்தபடியே நான் சத்தமா "ஏழு"ன்னு சொல்லிட்டேன். பாப்பா ஏழுன்னு எழுதிட்டா.

அவர் விடலை. மூச்சை இழுத்தார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிச்சார். மறுபடி மாட்டுச்சு. மறுபடி மூச்சு. அப்புறம் சொன்னார்.

"எட்டு."

பாப்பா என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்க்கலை.

அந்த ஒரு எண் மாறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவளே வரைபடத்தில் போட்டுப் பார்த்துட்டா. ஒரு கிலோமீட்டருக்கு மேலே தள்ளி, வெறும் வயல் வருதாம். அன்னைக்கு நான் பக்கத்தில் இருந்திருந்தா செட்டைப் பிடுங்கி நானே சொல்லியிருப்பேன். உதவி செய்யறேன்னு செஞ்சிருப்பேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி எத்தனை எட்டை ஏழாக்கினேன்னு தெரியலை. அவர் ஒரு நாளும் திருத்தலை. தண்ணி வேண்டாம்னாலும் செம்பை வாங்கிக் குடிச்சிருப்பார்.

இப்போ மத்த விஷயம். பாப்பா அன்னைக்கு மத்தியானமே ரெண்டு பக்கம் எழுதிட்டா. இதுதான் லோடிங் அங்கிள், இவர் எங்கப்பா, இந்த "எ..." முடியறதுக்குள்ள நீங்க சிரிச்சீங்க, அது முடிஞ்சதால பத்தொன்பது பேர் வீட்டுக்குப் போனாங்க. நல்லா எழுதியிருக்கா, உன் எழுத்தைவிட நல்லா இருக்கு. முழுப் பதிவோட இதை மாமா பக்கத்தில் போடலாம்மா, எல்லாரும் வெக்கப்படட்டும்னா. எனக்கும் ஆசைதான், இல்லைன்னு சொன்னா பொய். அந்தப் பஸ் பொண்ணுங்களைத் தேடிப் பிடிச்சு உக்கார வெச்சுக் கேக்க வைக்கணும் போல இருந்துச்சு.

ரெண்டு நாள் யோசிச்சேன். அவர் வேண்டாம்னு சொல்லியிருக்கார். அதைத் திக்காம சொல்லியிருக்கார்னு நீதான் எழுதினே. அவர் வாயிலிருந்து முழுசா வந்த ஒரு வார்த்தை. அதை நீ ஒரு தடவை தாண்டினே. நல்லதுக்குன்னு சொல்லிட்டு நாங்க ரெண்டாவது தடவை தாண்டக்கூடாது. போடாதே. யாருக்கும் கொடுக்காதே. அந்தச் சின்னத் துண்டு ஊரில் சுத்தட்டும். எப்போ ஓயுதோ அப்போ ஓயட்டும்.

பாப்பா என்னோட மூணு நாள் பேசலை. நாலாவது நாள் அவ பெஞ்சுக்காரிகிட்ட மட்டும் சொல்லியிருக்கா, அது எங்கப்பான்னு. அந்தப் பொண்ணு, "அதில் என்னதான்டி சொல்றார்?"னு கேட்டாளாம். "எட்டு"ன்னு சொன்னேன்ம்மான்னா. சொல்லிட்டு, போட்ட சோத்தைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னா.

உன்மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. ஆனா முன்னாடி அது உன்மேல மட்டும் இருந்துச்சு.

அக்கா


மே 5

அன்புள்ள அக்கா,

போட மாட்டேன். என் கம்ப்யூட்டரில் இருந்ததையும், வெளியே சேமித்து வைத்திருந்த இரண்டு இடங்களில் இருந்ததையும் எடுத்துவிட்டேன். நான் செய்ய முடிந்த அளவுக்கு இது உண்மையான அழிப்பு. முழுப் பதிவு இனி உன்னிடம் இருக்கும் கார்டில் மட்டும்தான், யாரும் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்காவிட்டால்.

என் பக்கத்தில் இப்போது ஸ்கேன் மெஷின் விசிறியை எப்படிச் சத்தமில்லாமல் ஓட வைப்பது என்று ஒன்று எழுதியிருக்கிறேன். முப்பத்தெட்டுப் பேர் படித்திருக்கிறார்கள். இருவருக்குள் சண்டை தொடங்கிவிட்டது. எல்லாம் பழையபடி.

நீ எழுதியதில் ஒன்றைச் சரி செய்ய வேண்டும். நீ மட்டும்தான் அவசரப்பட்டாய் என்கிற மாதிரி எழுதியிருக்கிறாய்.

அன்று என் மேஜையில் கோடு போட்ட ஒரு பதிவேடு இருந்தது. வருகிற செய்தியை வரிசையாகப் பேனாவில் எழுத வேண்டும், நேரம் போட வேண்டும். வெள்ளம் முடிந்ததும் அலுவலகத்தில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பழைய தாள்களைக் குப்பைக்கு ஒதுக்கினார்கள். அத்தானின் செய்தி இருந்த பக்கத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆறு வருஷமாக அது என் கருவிப் பெட்டியின் அடியில் இருக்கிறது. யாரிடமும் காட்டியதில்லை. அத்தானிடமும் காட்டியதில்லை.

அதை இந்த உறையில் வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியைப் பார். இரண்டாவது எண், நாலாவது இலக்கம். முதலில் ஏழு என்று எழுதியிருக்கிறேன். நடுக்கம் இல்லாமல், நல்ல அழுத்தமாக, சந்தேகமே இல்லாத கையெழுத்தில். எழுதிவிட்டு அடுத்த இலக்கத்துக்காகப் பேனாவை நகர்த்தி வைத்திருக்கிறேன். புள்ளி விழுந்திருப்பது தெரியும். போன கடிதத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுதியது பொய், வாயையும் திறந்தேன். "ஏழு, மேலே சொல்லுங்க அத்தான்" என்று மைக்கில் சொன்னேன். என் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அத்தானுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் "ச... சரி" என்று விட்டுக்கொடுத்திருப்பாரோ என்னவோ. நம் எல்லோரிடமும் விட்டுக்கொடுத்துப் பழகியவர்தானே.

எட்டு வந்ததும் ஏழு என்பதை அடித்துவிட்டு மேலே எட்டு எழுதியிருக்கிறேன். அடித்த கோடு தாளைக் கிழித்திருக்கிறது.

பாப்பாவிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். காட்டினால் அந்த மைக் விஷயத்தையும் சேர்த்துச் சொல்.

இதுதான் அசல். ஸ்கேன் எடுக்கவில்லை, படம் பிடிக்கவில்லை. நகல் கிடையாது.

தம்பி